வியட்நாமில் தனியாக ஒரு தீபாவளி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வியட்நாம் என்ற பெயர் பெரும்பாலும் விலைப் பேச்சில்தான் காதில் விழும். "இதே பீஸ் அங்க இன்னும் கம்மியா முடியுது" என்று பையர் மெயில் போடுவார். முதலாளி அதை அப்படியே மெர்ச்சண்டைசர் பக்கம் தள்ளிவிடுவார். ஆர்டரை வாங்கி ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்ளும் அந்த மெர்ச்சண்டைசர் நான்தான். வியட்நாமையும் பங்களாதேஷையும் திட்டாமல் எங்கள் ஆபீஸில் ஒரு வாரம் ஓடாது. திட்டித் திட்டியே அந்த ஊரைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகிவிடும். வெளியூர்க்காரர்கள் மூட்டை கட்டிக் கிளம்பிவிட, கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். எனக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அப்போது மட்டும்தான். கூட வர யாருக்கும் தோதுப்படவில்லை. ஒருத்திக்குப் பிள்ளையின் பரீட்சை, இன்னொருத்திக்கு மாமியார். காத்திருந்தால் ரிட்டயர்மென்ட்தான் வரும் என்று ஈ-விசாவுக்கு 25 டாலர் கட்டிவிட்டேன். காங்கேயத்தில் இருக்கும் அம்மாவிடம் சொன்னபோது, "நல்ல நாளும் அதுவுமா ஊரு பேரு தெரியாத நாட்டுல ஒத்தையாப் போயி என்ன சாமி பண்ணப் போற?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பண்டிகை நாளில் கல்யாணமாகாத நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணைச் சொந்தக்காரர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை.

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, நேரடி விமானம். அங்கே இறங்கி, உள்நாட்டு விமானத்தில் வடக்கே ஹனோய் போய், அங்கிருந்து ரயிலில் தெற்கு நோக்கி இறங்கி வருவதாகத் திட்டம்.

தனியாகப் போகும் பெண்களுக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி பாதுகாப்பைப் பற்றித்தான். ஹனோயில் முதல் ராத்திரியே அந்தக் கவலை பாதி கரைந்துவிட்டது. ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை வண்டிகளை விடமாட்டார்கள். பத்து மணிக்கு மேல் அங்கே தனியாக நடந்தேன். குழந்தைகள், காதலர்கள், பாட்டுப் பாடுகிறவர்கள் என்று ஒரே கூட்டம். ஒருவர்கூட என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. திருப்பூர் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து அதே நேரத்துக்கு வீடு வரை நடக்கும்போது தோள்கள் தானாகவே குறுகிவிடும். இங்கே அப்படி நடக்கவில்லை என்பதே ஹோட்டலுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

ரோட்டைக் கடப்பதுதான் பயம். மோட்டார் சைக்கிள்கள் நிற்கவே நிற்காது. மெதுவாக, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும்; நடுவில் நிற்கக் கூடாது, பின்வாங்கவே கூடாது. வண்டிக்காரர்கள் நம் வேகத்தைக் கணக்குப் போட்டு ஒதுங்கிப் போய்விடுவார்கள். முதல் தடவை, கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு போன ஒரு பாட்டியின் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு கடந்தேன்.

எதிர்பாராத கஷ்டங்கள் வேறு. தனியாகப் போனால் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சின்ன விஷயம்தான். ஆனால் ரயில்வே ஸ்டேஷனில் பாத்ரூம் போக வேண்டும் என்றால் டிராலியும் உங்களோடு உள்ளே வரும். ஈரத் தரையில் அதை வைக்க மனசு வராமல் ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைச் சாத்தி... சரி, விடுங்கள்.

அடுத்தது ராத்திரிச் சாப்பாடு. காலையும் மத்தியானமும் பிரச்சினை இல்லை. ரோட்டோரத்தில் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவது அங்கே சகஜம். ராத்திரியானால் மேஜை மேஜையாகக் குடும்பங்களும் நண்பர்களும் நடுவில் கொதிக்கும் சட்டியை வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். நான் போனால் கடைக்காரப் பெண் எனக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பாள். "ஒருத்தர்தான்" என்று ஒரு விரலைக் காட்டுவேன். சட்டியில் சாப்பிடுவது குறைந்தது இரண்டு பேருக்கு என்று மெனுவில் போட்டிருக்கும். இதில் நான் முட்டை மட்டும் சாப்பிடுகிற சைவம். அங்கே காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். 'சாய்' என்று பலகை போட்ட கடைகள்தான் சைவக் கடைகள். அந்த நாலெழுத்தை (chay) ஒரு சந்தின் கோடியிலிருந்தே கண்டுபிடிக்கும் பயிற்சி சீக்கிரமே வந்துவிட்டது. முட்டைக் காபி மட்டும் ஹனோயில் தினமும் குடித்தேன். 1946-ல் பால் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு ஹோட்டல் ஊழியர் மஞ்சள் கருவை அடித்துக் காபி மேல் ஊற்றிக் கண்டுபிடித்ததாம். கரண்டியால் எடுத்துச் சாப்பிடும்போது இனிப்புப் பண்டம் மாதிரி இருக்கும். அடியில் கசப்பாகக் காபி.

ஒற்றை ஆளுக்குத் தண்டம் வேறு கட்ட வேண்டும். ஹா லாங் விரிகுடாவில் கப்பலில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று விசாரித்தால், அறை இரண்டு பேருக்கானது, ஒருவர் வந்தாலும் ஏறக்குறைய இரண்டு பேர் காசு என்றார்கள். போங்கப்பா என்று நின் பின் பக்கம் டிராங் ஆனுக்குப் போனேன். சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே ஆறு, குன்றுகளுக்கு அடியிலேயே குகை குகையாகப் படகு நுழைந்து வெளியே வரும். ஒரு படகுக்கு நாலு பேர் சேர வேண்டும் என்பதால் என்னை ஒரு புதுமணத் தம்பதியோடும் ஒரு பிரெஞ்சுத் தாத்தாவோடும் ஏற்றிவிட்டார்கள். கரைக்குத் திரும்பும் வரை அந்த ஜோடிக்கு நான்தான் போட்டோகிராபர். குகைக்குள் எல்லோரும் தலையைக் குனிய வேண்டும். துடுப்பு போடும் அக்கா ஒவ்வொரு தடவையும் முதலில் என் முதுகைத்தான் தட்டுவார். மற்றவர்களுக்குச் சொல்ல ஜோடி இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, தாத்தா பலமுறை இடித்துக்கொண்டார்.

ஹனோயின் பழைய பேட்டையில் தெருவுக்கு ஒரு வியாபாரம். வெள்ளிக்கு ஒரு தெரு, பட்டுக்கு ஒரு தெரு. ஹாங் மா என்ற தெருவில் முன்னோர்களுக்கு எரித்து அனுப்பும் காகிதப் பொருள்கள் விற்கிறார்கள். காகிதப் பணம், காகித மோட்டார் சைக்கிள், காகிதச் சட்டை. நான் சட்டைக் கடையில்தான் நின்றுவிட்டேன். காலர் உண்டு, பட்டன் அச்சடித்திருக்கிறது, பாக்கெட் ஒட்டியிருக்கிறது. கூட ஆள் இருந்திருந்தால் காகிதச் சட்டையின் ஃபினிஷிங்கை இவ்வளவு நேரம் பார்க்க விட்டிருக்க மாட்டார்கள். தனியாகப் போவதன் சுகம் எனக்கு இதுதான். யாரும் போகலாமா என்று கேட்பதில்லை.

ஹனோயிலிருந்து ஹுவேக்கு ராத்திரி ரயில். இந்தத் தண்டவாளம் ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர். 1936-ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டி முடித்தது. நாடு பிளந்தபோது இதுவும் இரண்டு துண்டாகி, யுத்தம் முடிந்த பிறகு 1976 கடைசியில்தான் மறுபடி முழுசாக ஓடியது. நம்மூர் பழைய மீட்டர் கேஜ் அகலம்தான். நாலு பெர்த் அறையில் எனக்கு மேல் பெர்த். கீழே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், அவளுடைய மகன், ஒரு பெரியவர். கதவை உள்ளே தாழ் போட்டதும் வயிற்றில் லேசாக ஒரு பிசைவு. அந்தப் பெண் கவரைப் பிரித்து மாங்காய்த் துண்டுகளையும் மிளகாய் உப்பையும் நீட்டியதும் அது போய்விட்டது.

கூகுள் டிரான்ஸ்லேட் வழியாகப் பேச்சு தொடங்கியது. முதல் கேள்வி வயசு. அடுத்தது கல்யாணம். அடுத்தது குழந்தை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்தாலும் பல்லடம் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரிதான். என்ன வேலை என்று கேட்டாள். துணி, ஏற்றுமதி என்று தட்டிக் காட்டினேன். படித்துவிட்டு அவள் போனை வைத்தாள். எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், நான் போட்டிருந்த டி-ஷர்ட்டின் கை நுனியைப் பிடித்து உள்பக்கமாகத் திருப்பினாள். மடிப்புத் தையலைக் கட்டைவிரலால் ஓட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் ஃபிளாட்லாக் என்கிற தட்டைத் தையலின் நூல் லேசாகத் தளர்ந்திருந்தது. அங்கே சரியாக விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எங்கள் கம்பெனி பீஸ்தான் அது, செக்கிங்கில் கழித்துப் போட்டதை நான் எடுத்து வைத்துக்கொண்டது. அவள் ஹனோய்க்கு வெளியே ஒரு கார்மென்ட் கம்பெனியில் ஸ்லீவ் தைக்கிறவள். அப்புறம் விளக்கை அணைக்கும் வரை ஓவர்டைம், டார்கெட், சூப்பர்வைசர், ஷிப்மென்ட் நேரத்து ராத்திரி ஷிஃப்ட் என்று ஒரே தொழில் பேச்சு. மெயிலில் வருகிற அந்தக் குறைந்த விலைக்குப் பின்னால் இருப்பவள் என் பெர்த்துக்குக் கீழே படுத்திருந்தாள். அவளுக்கும் ஷிப்மென்ட் நாளில் சாப்பாடு பதினொரு மணிக்குத்தான். விடிவதற்கு முன்னாலேயே ஒரு ஸ்டேஷனில் தூங்குகிற பையனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஹுவேயில் மழை. மத்திய வியட்நாமில் அக்டோபர், நவம்பர்தான் மழைக்காலம். தீபாவளி லீவில் அங்கே போகிறவள் அதை ஏற்றுக்கொண்டுதான் போக வேண்டும். 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்கள் ஆண்ட தலைநகரம் இது. கோட்டையை ரெயின்கோட்டோடு ஒரு சுற்று சுற்றினேன். பாதி அரண்மனை யுத்தத்தில் போய்விட்டது. புல்வெளியில் அஸ்திவாரம் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. நன்றாக நனைந்தேன். அன்று ராத்திரியே காய்ச்சல்.

தனியாக இருக்கும்போது வரும் காய்ச்சல் வேறு ஜாதி. வீட்டில் என்றால் அம்மா தொட்டுப் பார்த்து "சுடுதே" என்பார். அதிலேயே பாதி பாரம் இறங்கிவிடும். இங்கே என் நெற்றியை நானே தொட்டால் கையும் சூடு, நெற்றியும் சூடு, ஒன்றும் தெரியவில்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. தண்ணீர் பாட்டில் காலி. போன் சார்ஜர் அறையின் அந்தக் கோடியில். இன்ஷூரன்ஸ் எண் போனுக்குள். இப்போது ஏதாவது ஆனால் ஹோட்டல்காரர்கள் எந்த நம்பருக்குப் பேசுவார்கள், எந்த மொழியில் பேசுவார்கள், அம்மா அதை எடுத்து என்ன புரிந்துகொள்வார் என்று யோசனை ஓடியது. ஊரில் இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எண்ணெய் காய்ச்ச எழுந்துவிடுவார்கள். அழுகை வந்தது. கொண்டுபோயிருந்த பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு, குழாய்த் தண்ணீரை விழுங்கிவிட்டுப் படுத்தேன்.

காலையில் அம்மா வீடியோ காலில் வந்தார். கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பி மழையைக் காட்டினேன். "எண்ணெ தேச்சுக் குளிச்சியா?" என்றார். "ஆச்சும்மா" என்றேன்.

நான் தங்கியிருந்தது வீட்டோடு சேர்ந்த சின்ன விடுதி. சாப்பிட இறங்கி வராததைப் பார்த்து வீட்டுக்காரம்மாவே மேலே வந்தார். அறுபது வயது இருக்கும். நெற்றியைத் தொட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், போனில் ஏதோ பேசினார். போன் சுத்தத் தமிழில், செய்தி வாசிப்பது போலச் சொன்னது: "உங்கள் உடலில் காற்று நுழைந்துள்ளது." கீழே போய் ஒரு பச்சை எண்ணெய்ச் சீசாவும் எவர்சில்வர் ஸ்பூனும் கொண்டுவந்தார். குப்புறப் படுக்கச் சொன்னார். மறுக்கத் தெம்பில்லை.

எண்ணெயைத் தடவினதும் முதுகு முழுக்க ஜிலீர் என்றது. மெந்தால் நெடி கண்ணில் ஏறியது. ஸ்பூனின் விளிம்பால் கழுத்திலிருந்து முதுகுத்தண்டின் இரு பக்கமும் இழுத்தார். அப்புறம் விலா எலும்புகளின் இடுக்கில் பக்கவாட்டில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. வலிக்கத்தான் செய்தது, ஆனால் நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. ஒவ்வொரு கோடு இழுத்து முடித்ததும் "ஓய்" என்று தனக்குத்தானே ஒரு சத்தம். சிவப்பு நன்றாக ஏறினால் திருப்தி போல. கடைசியில் என் போனிலேயே முதுகைப் படம் எடுத்துக் காட்டினார். மீன் முள் போலச் சிவப்புக் கோடுகள். அந்த ஊரில் பாதிப் பேருக்குச் சின்ன வயதிலிருந்து இதுதான் வைத்தியமாம். காய்ச்சலை இறக்கியது ஸ்பூனா பாராசிட்டமாலா என்று யாரோடும் வாதாட நான் தயாரில்லை. ஊர் வந்து சேரும் வரை கோடு முழுசாக மறையவில்லை.

மறுநாள் அவர்கள் மாதத்தின் முதல் தேதி. நம் அமாவாசையை ஒட்டி வரும் நாள். முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும், அதாவது பௌர்ணமியும், அவர்களில் பலருக்கு விரத நாள்கள். கறி மீன் தொட மாட்டார்கள். பௌத்தம் ஆழமாக ஊறிய ஹுவேயில் அன்றைக்குச் சைவக் கடைகளில் கூட்டம் நெருக்கும். நான் எங்கும் போகவில்லை. வீட்டுக்காரம்மா பாசிப்பயறு போட்ட அரிசிக் கஞ்சி கொடுத்தார். மத்தியானம் காளானும் டோஃபுவும். அந்தப் பயணத்திலேயே மீன் சாறு பற்றிக் கவலைப்படாமல் சாப்பிட்ட சாப்பாடு அது. சாயங்காலம் வாசலில் பழமும் பூவும் படைத்து ஊதுபத்தி ஏற்றினார்கள். ஒரு தகர டின்னில் காகிதப் பணமும் காகிதச் சட்டையும் போட்டு எரித்தார்கள். அந்தச் சட்டையில் காலர் இல்லை. ஹனோய் சட்டைதான் ஒசத்தி.

ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு ரயிலில் போகிறவர்கள் இடது பக்க ஜன்னல் சீட்டாகப் பார்த்து வாங்குங்கள். நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். லாங் கோ காயலைத் தாண்டியதும் ரயில் ஹாய் வான் மலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து ஏறும். கீழே நேராகக் கடல். ஒவ்வொரு சுரங்கத்தைத் தாண்டியும் ஒரு புது வளைவு, ஒரு புதுக் கடற்கரை. ஓரிடத்தில் தாங்க முடியாமல் "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று எதிர் சீட்டுக்காரரிடம் தமிழில் கத்திவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, வியட்நாமிய மொழியில் ஏதோ பதில் சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம். அவருக்கு அது தினப்படி வழியாக இருக்கும்.

டா நாங்குக்குப் பக்கத்து ஊரான ஹோய் ஆனில் ஒரே நாளில் சட்டை தைத்துத் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு. நான் ஒன்றும் தைக்கவில்லை. தொழில்காரிக்கு அது லீவு ஆகாது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் மி சன் கோயில்களுக்குத்தான் நான் வந்ததே. நாலாம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை, அந்தப் பகுதியை ஆண்ட சாம்பா அரசர்கள் மலைகளுக்கு நடுவே கட்டிய சிவன் கோயில்கள். அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் பார்த்து வளர்ந்தவளுக்குக் கோயில் என்றால் கருங்கல். இங்கே எல்லாம் செங்கல். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. சுவரைக் கட்டி முடித்த பிறகு அந்தச் செங்கல்லிலேயே உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆவுடையார் மழைத் தண்ணீரோடு வெட்டவெளியில் கிடக்கிறது. 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இருந்ததிலேயே பெரிய கோபுரம் விழுந்துவிட்டது. குண்டு விழுந்த குழிகளில் இப்போது புல். சில கோயில்களை நம் தொல்லியல் துறைதான் போய்ச் சீரமைத்தது. 2020-ல் அந்த வேலை நடக்கும்போதுதான் மண்ணுக்குள்ளிருந்து ஒரே கல்லில் செய்த லிங்கம் முழுசாகக் கிடைத்தது.

பஸ்ஸில் வந்த குழுக்கள் வழிகாட்டியின் கொடியைப் பார்த்துக்கொண்டே அரை மணியில் கிளம்பிவிட்டன. நான் ஒரு சுவருக்கு எதிரே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். பழைய செங்கல் சிவப்பாகவே இருக்க, பிற்காலத்தில் வைத்தவற்றில் சிலவற்றில் பாசி பிடித்து வெள்ளை பூத்திருக்கிறது. எது ஒரிஜினல், எது ரிப்பேர் என்று பிரித்துப் பார்ப்பதில் ஆபீஸ் புத்தி நன்றாக வேலை செய்தது. அப்புறம் பசித்தது. மழையும் வந்தது.

கடைசியாக சைகோன். பென் தான் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நம் ஆட்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்தான். கருவறைச் சுற்றில் கல் சுவரில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, வேண்டுதலைச் சுவரிடமே மெல்லச் சொல்கிறார்கள். நானும் வரிசையில் நின்று சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கும் மாரியம்மனுக்கும்.

ஆபீஸ் திறந்த அன்றே படங்களைப் பார்த்துவிட்டு சாம்பிள் செக்ஷன் பெண் ஒருத்தி, "அக்கா, அடுத்த தடவை நானும் வர்றேன்" என்றாள். சரி என்றேன். பகல் முழுக்கத் தனித்தனியாகத்தான் சுற்ற வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் சேர்ந்து உட்காரலாம், ஸ்டேஷனில் மாற்றி மாற்றிப் பையைப் பார்த்துக்கொள்ளலாம், காய்ச்சல் வந்தால் கவனித்துக்கொள்ளலாம் என்று நிபந்தனைகளைச் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போனவள் இன்னும் பதில் சொல்லவில்லை. பொங்கலுக்குள் டிக்கெட் போட்டால்தான் விலை குறைவாகக் கிடைக்கும்.